நிற்கும் மரங்களின் கணக்கு

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கும் ஒருவரின் மார்பளவில், மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளப்பதில்தான் காட்டுக் கணக்கு தொடங்குகிறது. படிக்கிற காலத்தில் இரண்டு விடுமுறைகள் முழுவதும் நான் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒருவர் நாடாவைச் சுற்றி எண்ணைச் சொல்வார். இன்னொருவர் மரத்தின் இனத்தோடு சேர்த்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். மூன்றாமவர் அளந்து முடித்த மரத்தில் சுண்ணக்கோடு இட்டபடி பின்னால் வருவார். குறிப்பிட்ட சுற்றளவுக்குக் கீழே உள்ளவற்றைப் பதிய வேண்டாம் என்பது எங்களுக்குத் தரப்பட்ட உத்தரவு. முழங்கால் உயர நாற்றுகள், கட்டைவிரல் பருமனுள்ள கன்றுகள், விழுந்து மக்கிக்கொண்டிருந்த அடிமரங்கள் ஆகியவற்றுக்கு அந்தக் குறிப்பேட்டில் பத்தியே கிடையாது. அது அப்போது எனக்கு உறுத்தவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று மகிழ்ந்தேன் என்பதே உண்மை.

சில ஆண்டுகள் கழித்து, அத்தகைய அளவீடுகளிலிருந்து தயாரிக்கப்பட்ட ஒரு வனச் செயல்திட்டத்தைப் படிக்க நேர்ந்தது. எந்தப் பகுதியில், எந்த ஆண்டில், எத்தனை கன மீட்டர் வெட்டலாம் என்பது அதில் தசமப் புள்ளிவரை துல்லியமாக இருந்தது. வெட்டிய இடத்தில் ஐம்பது ஆண்டுகள் கழித்து எது நிற்கும் என்பதற்கோ ஒரே ஒரு வரிதான் இருந்தது: இயற்கையாக மீண்டும் வளர்ந்துவிடும். காடுகளை நீடித்த முறையில் பேணுவது பற்றி அன்றிலிருந்து நான் எதைப் படித்தாலும், முதலில் தேடிப் பார்ப்பது அந்த ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான். காட்டைப் பேணுகிறார்களா, வெறுமனே எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்பது வெட்டியதன் கணக்கில் தெரிவதில்லை. விட்டுவைத்ததன் கணக்கில்தான் தெரிகிறது.

இன்று எல்லா மேடைகளிலும் ஒலித்துத் தேய்ந்துவிட்ட இந்த நீடித்த தன்மை என்ற கருத்து, காட்டின் மீதுள்ள பாசத்தில் பிறந்ததல்ல. இன்றைய ஜெர்மனியில் அடங்கிய சாக்சனி நாட்டின் ஃப்ரைபெர்க் நகரில் வெள்ளிச் சுரங்கங்களின் நிருவாகப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர், 1713இல் வெளியிட்ட தம் நூலில் இதை எழுதினார். சுரங்கத்தின் கூரையைத் தாங்குவதற்கு மரம் வேண்டும்; தாதுவை உருக்குவதற்கு மரக்கரி வேண்டும்; சுற்றியிருந்த மலைகளோ மொட்டையாகிக்கொண்டிருந்தன. வெள்ளி தீர்வதற்கு முன்பே விறகு தீர்ந்துவிடும் என்ற கவலைதான் அவரை எழுத வைத்தது. வளர்வதற்கு மேல் வெட்டாதே என்பதே அவர் சொன்னதன் சாரம். அதாவது, முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது.

இந்த வட்டி உவமை எல்லோருக்கும் எளிதாகப் புரிகிறது. அதனாலேயே அது ஏமாற்றவும் செய்கிறது. வங்கியில் முதல் வேறு, வட்டி வேறு. காட்டில் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஒரு மரம் இந்த ஆண்டு போட்ட வளையத்தை மட்டும் தனியே உரித்தெடுத்துக்கொள்ள முடியாது; அந்த வட்டியை எடுக்க வேண்டுமென்றால், வட்டி ஈட்டிக்கொண்டிருந்த மரத்தையே சாய்த்தாக வேண்டும். ஆகவே ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் வெட்டலாம் என்பது பாதிக் கேள்விதான். எந்த மரத்தை எடுப்பது, எதை விடுவது, எடுத்த இடத்தில் விழும் வெளிச்சத்தில் எது முளைக்கும் என்பது மீதிக் கேள்வி. முதல் பாதிக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுக் கணக்கை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய ஐரோப்பாவே சான்று.

அங்கே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவான வனவியல், மொட்டையான மலைகளை மறுபடியும் பசுமையாக்கியது. அதை மறுக்க முடியாது. ஆனால் கணக்குப் போடுவதற்கு வசதியாக, ஒரே வயதுடைய ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டு, வளர்ந்ததும் ஒட்டுமொத்தமாக வெட்டி, மீண்டும் அதையே நடும் முறை பரவியது. முதல் தலைமுறை மரங்கள் செழித்தன, ஏனெனில் பழைய கலப்புக் காடு விட்டுச்சென்ற மண்ணில் அவை நின்றன. அடுத்தடுத்த தலைமுறைகளில் பல இடங்களில் வளர்ச்சி தளர்ந்தது. எளிதில் மக்காத ஊசி இலைகள் தரையில் படிந்து மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டின. ஆழமாக வேரோடாத மரங்கள் புயலில் அடியோடு சாய்ந்தன. 2018இல் தொடங்கிய கடும் வறட்சியில் பட்டை வண்டுகள் பெருகியபோது, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைகளிலும் செக் நாட்டிலும் ஸ்ப்ரூஸ் தோப்புகள் மலைச்சரிவு சரிவாகச் சாம்பல் நிறமாயின. மரக்கட்டையின் கணக்கு நெடுங்காலம் சரியாகவே இருந்தது. முதலுக்கே மோசம் வந்தது அந்தக் கணக்கில் இல்லாத மண்ணின் வழியாகவும், இனக்கலப்பின் வழியாகவும்.

இதைச் சொன்னவுடன், நட்டு வளர்க்கும் தோட்டங்கள் எல்லாமே தீமை என்று முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 406 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது. நிலப்பரப்பில் அது 31 சதவீதம். அதில் நட்டு வளர்த்தது 7 சதவீதம் அளவே. வீணாகக் கிடந்த நிலத்தில் வேகமாக வளரும் மரங்களை நட்டு, காகிதத்துக்கும் விறகுக்கும் வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொண்டால், இயற்கைக் காட்டின் மீதான சுமை குறைகிறது. இயற்கைக் காட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் தோட்டம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே தலைப்பில் கூட்டி, காட்டின் பரப்பு குறையவில்லை என்று அறிக்கை தருவதுதான் மோசடி.

எனக்கு மிகவும் பிடித்த வன மேலாண்மை முறை, சுவிட்சர்லாந்தின் மேற்கு ஓரத்தில் கூவே என்ற சிற்றூரின் பொதுக் காட்டில் 1890இல் தொடங்கியது. ஆன்றி பியோலே என்ற வன அதிகாரி, பிரெஞ்சு வனவியலாளரான அடோல்ஃப் குர்னோவின் கருத்தைக் கையிலெடுத்து அங்கே நடைமுறைப்படுத்தினார். மரம் இந்த வயதில் இவ்வளவு பருமன் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அட்டவணைகளை அவர் நம்பவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் குறித்த பருமனுக்கு மேற்பட்ட எல்லா மரங்களையும் அளந்தார், ஆங்காங்கே ஒன்றும் இரண்டுமாகத் தேர்ந்து வெட்டினார், வெட்டியதைக் குறித்துவைத்தார், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எல்லாவற்றையும் அளந்தார். இப்போது நிற்பதோடு இடையில் எடுத்ததைக் கூட்டி, முன்பு நின்றதைக் கழித்தால், அந்தக் காடு அந்த ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவு வளர்ந்தது என்பது கிடைக்கிறது. அடுத்த முறை எவ்வளவு எடுக்கலாம், எங்கே கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த விடையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்.

இதில் வெட்டும் வயது என்று ஒன்று இல்லை. வெட்டி முடித்த வெற்றிடமும் இல்லை. விதையிலிருந்து இப்போதுதான் தலைநீட்டிய கன்றும், இரண்டு கை அணைப்புக்குள் அடங்காத முதுமரமும் ஒரே இடத்தில் அருகருகே நிற்கின்றன. மேலே ஒரு பெருமரம் போனதும் அதன் நிழலில் பல்லாண்டுகள் பொறுத்திருந்த ஃபர் கன்றுகள் சட்டென்று உயர்கின்றன. காட்டிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அது பதில் சொல்லும்வரை காத்திருக்கும் பொறுமை இந்த முறையில் இருக்கிறது. திட்டம் போட்டவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அளப்பது நிற்கக் கூடாது என்பதுதான் இதன் கடினம். பெரும்பாலான இடங்களில் இது பரவாமல் போனதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கூவே காட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டாகப் பொறுக்கி வெட்டுவதே எங்கும் மென்மையான வழி என்று முடிவு செய்தால், வெப்பமண்டலத்தில் அது பொய்த்துவிடும். அதற்கு மகோகனியைவிட நல்ல பாடம் இல்லை. மத்திய அமெரிக்கக் காடுகளில் ஹெக்டேருக்கு ஒன்றோ, அதற்கும் குறைவாகவோதான் முதிர்ந்த மகோகனி நிற்கும். அதை மட்டும் தேடிப் பிடித்து வெட்டினால் காடு பார்வைக்கு அப்படியே இருக்கிறது. விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மகோகனிக் கன்று வெளிச்சத்தை வேண்டுவது. அடர்ந்த நிழலில் முளைத்தாலும் ஓரிரு ஆண்டுகளில் மாண்டுபோகும். சூறாவளியும் தீயும் பெரிய இடைவெளிகளைத் திறந்துவிடும் இடங்களில் வாழப் பழகிய மரம் அது. ஒற்றை மரத்தை எடுத்த சின்னஞ்சிறு சந்தில் விழும் வெளிச்சம் அதற்குப் போதாது. போதாக்குறைக்கு, விதை தர வேண்டிய தாய்மரமே சந்தைக்குப் போயிருக்கும். இருப்பவற்றில் நேரானதையும் உருண்டு திரண்டதையும் மட்டும் எடுத்து, கோணலும் நோஞ்சானுமாக நிற்பவற்றை விதைக்கு விட்டுவைத்தால், அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்பது விதைநெல் பொறுக்கத் தெரிந்த எந்த உழவருக்கும் தெரியும்.

மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலத்தில் 1983இல் தொடங்கிய சமூக வனத் திட்டம், கம்பெனிகளிடமிருந்து உள்ளூர்ச் சமூகங்களின் கைக்கு மாறிய மகோகனிக் காடுகளை 25 ஆண்டு வெட்டுச் சுழற்சியில் வைத்தது. குறித்த பருமனுக்கு மேல் உள்ளதை மட்டும் எடுப்பது, அடுத்த சுற்றுக்கு அதற்குக் கீழே உள்ளது வளர்ந்து வந்துவிடும் என்பது எண்ணம். உரிமை மாறியதில் பெரும் நன்மை விளைந்தது. அந்தக் காடுகள் காடாகவே நிலைத்தன. மரத்தின் தரப்பில்தான் சிக்கல். இரண்டாம் சுற்றுக்கு வந்து சேர வேண்டிய இளமரங்கள் எதிர்பார்த்த வேகத்தில் பருக்கவில்லை. வெளிச்சமில்லாத இடங்களில் கன்றே இல்லை. கைவிடப்பட்ட மரக் கிடங்குகளிலும் எரித்து விடப்பட்ட பழைய வயல்களிலும் மகோகனி நன்றாக முளைப்பதைக் கண்ட பிறகு, வேண்டுமென்றே அரை ஹெக்டேர் அளவிலான திறப்புகளை உண்டாக்கிக் கன்று நடும் முயற்சிகள் வந்தன. மென்மையாக வெட்டுவதாக எண்ணியது அந்த இனத்துக்குக் கொடுமையாகவும், முரட்டுத்தனமாகத் தோன்றிய திறப்பு அதற்கு வாழ்வாகவும் முடிந்தது.

எப்படி வெட்டுவது என்பதில் இன்று பெரிய இரகசியம் எதுவும் இல்லை. வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே மரத்தைப் பிணைத்திருக்கும் கொடிகளை அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விழுகிற மரம் அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு விழும். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முடிவு செய்து சாய்க்க வேண்டும்; கட்டையை இழுக்கும் தடங்களை முன்கூட்டியே குறித்து, ஓடைக் கரைகளைத் தொடாமல் விட வேண்டும். இவற்றைச் செய்தால் சேதம் வெகுவாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் சோதித்துப் பார்த்த செய்தி. வெட்டுவதைவிட, வெட்டியதைக் கொண்டுவரப் போட்ட சாலைதான் பல காடுகளுக்கு எமனாகிறது. லாரி போன வழியே வேட்டைக்காரரும் நிலம் பிடிப்பவரும் வருகிறார்கள். வேலை முடிந்ததும் பாலத்தை எடுத்துவிட்டுச் சாலையை மூடுவது எளிய காரியம்தான், ஆனாலும் அதுதான் பெரும்பாலும் செய்யாமல் விடப்படுகிறது.

எங்கள் குறிப்பேட்டில் பத்தி இல்லாமல் போன செத்த மரங்களுக்கு வருகிறேன். காட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற பழைய பழக்கம், பட்டுப்போன மரங்களையும் விழுந்த கட்டைகளையும் குப்பையாகக் கருதி அகற்றியது. ஃபின்லாந்தின் காட்டு உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் செத்த மரத்தை நம்பியிருப்பவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வண்டுகள், பூஞ்சைகள், பொந்தில் குடியிருக்கும் பறவைகள், மக்கிய கட்டையின் மேல் மட்டுமே முளைக்கும் நாற்றுகள் என்று பட்டியல் நீள்கிறது. ஒழுங்காகப் பெருக்கிய காட்டில் இவை இல்லை.

தீயின் கதையும் அப்படித்தான், ஆனால் அதன் விலை மிக அதிகம். அமெரிக்க வனத்துறை 1935இல், கண்ணில் படும் எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று விதித்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள பாண்டெரோசா பைன் காடுகளில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தரையாகப் போகும் சிறு தீ சருகையும் நெருக்கமான கன்றுகளையும் தின்றுவிட்டு, தடித்த பட்டையுள்ள பெரிய மரங்களை விட்டுச் செல்வது இயல்பு. பழங்குடியினர் தாமே அத்தகைய தீயை வைத்தும் வந்தனர். அது பல பத்தாண்டுகள் தடுக்கப்பட்டபோது, அடியில் எரிபொருள் குவிந்தது, கன்றுகள் ஏணியாயின, பின்னர் பற்றிய தீ உச்சிக் கிளைகளுக்கு ஏறி முதுமரங்களையும் விழுங்கியது. ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் பூர்வகுடியினர், வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு தீயாக வைத்து, பின்பருவத்தின் பெருந்தீயைத் தவிர்க்கும் தம் முன்னோர் முறையை 2006 முதல் ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். அதனால் குறையும் பசுமைக்குடில் வாயு வெளியீட்டுக்குப் பணமும் பெறுகிறார்கள். எல்லாக் காட்டுக்கும் தீ நல்லது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரமான வெப்பமண்டலக் காட்டின் மரங்களுக்குத் தீயைத் தாங்கும் பட்டை இல்லை. அந்தந்தக் காட்டுக்கு எது பழக்கம் என்பது அங்கே நெடுங்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அங்கே இருப்பவர்களிடம் வந்துவிட்ட பிறகு, நேபாளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1957இல் அந்நாட்டு அரசு தனியார் காடுகளை நாட்டுடைமை ஆக்கியது. நோக்கம் பாதுகாப்பு. விளைவோ தலைகீழ்: நேற்றுவரை எங்கள் காடு என்று காத்தவர்கள், இனி அரசின் காடு என்று கைவிட்டார்கள், காவலுக்கு அரசிடம் ஆளும் இல்லை. மலைச்சரிவுகள் வெறுமையான பிறகு, மெல்ல மெல்ல உள்ளூர் மக்களிடம் பொறுப்பைத் திருப்பும் முயற்சிகள் தொடங்கி, 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் பயனாளர் குழுக்களுக்குச் சட்ட உரிமை கொடுத்தது. இன்று 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. எப்போது விறகு எடுக்கலாம், எந்த மாதங்களில் மேய்ச்சல் கூடாது, யார் காவல் போவது, மீறினால் என்ன தண்டம் என்பனவற்றைக் குழுவே வகுக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் பரப்பில் ஏறத்தாழக் கால்பங்காக இருந்த காடு, 2016 வாக்கில் 45 சதவீதத்தை எட்டியதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. வேலை தேடி வெளிநாடு சென்ற இளைஞர்கள் விட்டுப்போன வயல்களில் மரம் முளைத்ததும் இதில் சேர்த்திதான் என்றாலும், குழுக்களின் பங்கு சிறிதல்ல.

பொதுநிலங்கள் பேராசையால் அழிந்தே தீரும் என்ற வாதத்தை மறுத்து, பயன்படுத்துபவர்களே விதி வகுத்து அவர்களே கண்காணிக்கும் இடங்களில் அவை தலைமுறைகள் தாண்டியும் நிற்கின்றன என்று காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் சமூகம் என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நேபாளத்திலேயே, கட்டுமான மரம் வேண்டியவர்கள் குழுவின் தலைமையில் அமர்ந்து, மேய்ச்சலை மூடிவிட்ட இடங்களில், ஆடு வளர்த்தும் கரி சுட்டும் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் நட்டமடைந்தன. காடு தழைத்தது, ஆனால் அதன் செலவைக் கொடுத்தவர்கள் ஏழைகள். யாருடைய அடுப்பு எரிகிறது என்று பார்க்காமல் மரங்களை மட்டும் எண்ணினால், அதுவும் பாதிக் கணக்குதான்.

குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில், 20 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்த மாயா உயிர்க்கோளக் காப்பகம் 1990இல் அறிவிக்கப்பட்டது. அதன் உள்வட்டத்தில் சில தேசியப் பூங்காக்கள், எதையும் தொடக்கூடாது. பலபயன் மண்டலத்தில், 1994 முதல், உள்ளூர்ச் சமூகங்களுக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் காட்டைக் கொடுத்தார்கள். மரம் வெட்டலாம், சான்றிதழ் தரத்துக்கு உட்பட்டு. அவர்கள் மகோகனி வெட்டினார்கள், பூங்கொத்துகளில் வைக்கும் ஷாத்தே பனையின் இலைகளைப் பறித்து ஏற்றுமதி செய்தார்கள், சூயிங்கம் செய்ய உதவும் சிக்கிள் மரப்பாலும் எடுத்தார்கள். சில பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால், தொடவே கூடாது என்று கோடு போட்ட லகுனா டெல் டீக்ரே பூங்கா கால்நடைப் பண்ணைகளாலும் தீயாலும் பெருமளவு சிதைந்திருக்கிறது. குடியிருப்பவர்கள் மரம் வெட்டிப் பிழைத்த பகுதிகளில் பலவற்றில் காடு அநேகமாக முழுமையாக இருக்கிறது. பூங்காவைக் காக்க ஒரு சில காவலர்கள். ஒப்பந்தக் காட்டைக் காக்க அதை நம்பி வாழும் குடும்பங்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கும் எல்லையில் ரோந்து போவதற்கும் அவர்களை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இதைவிட நீண்ட கணக்கு ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் மெனோமினி பழங்குடியினர், 1854இல் தம்மிடம் எஞ்சிய ஏறத்தாழ 95,000 ஹெக்டேர் நிலத்தில் அன்றிலிருந்து மரம் வெட்டி வருகிறார்கள். கிழக்கிலிருந்து தொடங்கி, முதிர்ந்ததையும் நோயுற்றதையும் விழுந்ததையும் மட்டும் எடுத்துக்கொண்டே மேற்கே போ. எல்லையை அடையும்போது கிழக்கில் மறுபடியும் மரம் தயாராக இருக்கும் என்பது அவர்களின் மரபு. அன்று நின்ற மரக்கட்டையின் அளவைவிட அதிகமாக இதுவரை வெட்டியிருக்கிறார்கள். இன்று நிற்பதோ அன்று நின்றதைவிட அதிகம். 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களின் பழங்குடித் தகுதியை நீக்கச் சட்டம் இயற்றி, 1961இல் அது நடைமுறைக்கும் வந்து, வரி கட்ட நிலத்தை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டு, 1973இல் போராடி அத்தகுதியை மீட்டுக்கொண்டார்கள். அந்த இடைவெளியையும் தாண்டிக் காடு நின்றது. மரத்தின் ஆயுளோடு ஒப்பிடும்போது அரசுகளின் கொள்கை எவ்வளவு அற்பாயுள் கொண்டது என்பதை இந்த ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன.

உலகில் காடு அழிவதற்குப் பெருங்காரணம் மரவெட்டு அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிவு விளைநிலத்துக்கும் மேய்ச்சலுக்கும் இடம் பிடிப்பதால் நேர்கிறது. எனவே காடு காடாக நிற்பதில் அங்குள்ளவருக்கு ஒரு வருமானம் இல்லாவிட்டால், எவ்வளவு நுட்பமான செயல்திட்டமும் ஒரு நல்ல சோயா விலைக்கு முன்னால் நிற்காது. கோஸ்டா ரிகா 1996இல் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடைசெய்ததோடு, நீர், கரிமம், பல்லுயிர், எழில் ஆகிய நான்கு சேவைகளுக்காக நில உரிமையாளருக்குப் பணம் தரவும் சட்டத்தில் வழி செய்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வந்தது. பொறுப்போடு பேணிய காட்டிலிருந்து வந்த மரம் என்று முத்திரை தரும், 1993இல் உருவான எஃப்.எஸ்.சி. சான்றிதழ் முறை, வாங்குபவரின் பணத்தால் அதே வேலையைச் செய்ய முயன்றது. அது நல்ல முயற்சிதான், ஆனாலும் சான்றிதழுக்கான செலவைப் பெரிய கம்பெனிகள் எளிதில் தாங்குகின்றன, சிறு சமூகங்கள் திணறுகின்றன.

இப்போது எல்லாவற்றையும் சிக்கலாக்குவது தட்பவெப்பம். கடந்த நூறாண்டு மழையில் ஒரு மரம் எப்படி வளர்ந்தது என்பதை வைத்துப் போட்ட அட்டவணை, வரப்போகும் வறட்சிக்குச் செல்லுபடியாகுமா என்பது ஐயமே. பியோலேயின் பிடிவாதம் இன்று புதிதாகப் பொருள்படுவது இதனால்தான்: ஊகிக்காதே, மறுபடியும் அள. அண்மையில் ஓர் அளவைக் குழுவோடு ஒரு நாள் கூடப் போனேன். அவர்கள் பயன்படுத்திய படிவத்தில், பெரிய மரங்களின் பத்திகளுக்குக் கீழே, இரண்டு மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் முழங்காலுக்குக் கீழே இருக்கும் நாற்றுகளை இனம் பிரித்து எண்ணுவதற்குத் தனி இடம் இருந்தது. விழுந்த கட்டைகளுக்கும் ஒரு பத்தி. வேலை இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. தரையில் மண்டியிட்டுச் சருகை விலக்கி எண்ணிக்கொண்டிருந்த இளைஞர், இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டே, பதினேழு என்று சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.